கிட் கிளீன் அழித்த கோப்புகளை மீட்பது எப்படி?

ப்ராஜெக்ட் ஃபோல்டரைச் சுத்தம் செய்யலாம் என்று, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியின் ‘கிட் கிளீன்’ கட்டளையை ஓட்டினீர்கள். திரையில் ‘ரிமூவிங்’ என்று தொடங்கும் வரிகள் வரிசையாக ஓடின. அவற்றில் ஒன்று, நீங்கள் இன்னும் கமிட் செய்யாத, அதாவது கிட்டில் பதிவு செய்யாத, புதுக் கோப்பு. ரீசைக்கிள் பின்னில் தேடினால் இல்லை. கிட் லாகில் தேடினால் அங்கும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக, குறிப்பாகக் கிட் பழகத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். சிறுகோடு (-), புள்ளி, சாய்கோடு எல்லாம் இங்கே உள்ளபடியே வர வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் எதையும் மூடாதீர்கள்

எடிட்டரை மூடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டெவ் சர்வரை நிறுத்தாதீர்கள். டாக்கர் கன்டெய்னரை இறக்காதீர்கள். பிரவுசர் டேபை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். பதற்றத்தில் கை முதலில் போவது இவற்றில் ஒன்றுக்குத்தான். ஆனால் உங்கள் கோப்பின் கடைசிப் பிரதி இருக்கக்கூடிய இடங்களும் இவைதான்.

இன்னொரு ஆபத்து, அழிந்துபோன ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவர உடனே ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுப்பது. அது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை டிஸ்க்கில் எழுதும். உங்கள் பழைய கோப்பு இருந்த இடத்தின் மேலேயே அவை போய் உட்காரலாம். பெரிய டவுன்லோடு, புது மென்பொருள் நிறுவுதல், ரெப்போவை மறுபடி குளோன் செய்தல் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியவை இரண்டு. டெர்மினலில் மேலே நகர்த்தி, ‘ரிமூவிங்’ வரிகள் அத்தனையையும் நகலெடுத்து உங்களுக்கே மெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள். எதைத் தேடுகிறோம் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். டெர்மினலை மூடினால் அதுவும் போய்விடும். ஃபோல்டர் முழுதாக அழிந்திருந்தால் அதன் பெயர் மட்டுமே வந்திருக்கும். உள்ளே என்னென்ன இருந்தன என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அடுத்து, ப்ராஜெக்ட் ஃபோல்டரை, மறைந்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரோடு சேர்த்து, ஒரு பென்டிரைவுக்கு நகலெடுங்கள். இனிச் செய்யப்போகும் முயற்சிகளில் ஏதாவது தவறினாலும் இந்த நிலைக்குத் திரும்பி வரலாம்.

‘கிட் ஜிசி’, ‘கிட் ப்ரூன்’ என்ற இரண்டு கட்டளைகளின் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். காரணம் கீழே வரும்.

என்ன நடந்தது என்று தெரிந்தால் தேடுவது எளிது

கிட் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கோப்புகளை அன்ட்ராக்ட் என்கிறார்கள். ‘கிட் கிளீன்’ அழிப்பது அவற்றை மட்டும்தான். கமிட் ஆனவற்றையும், ‘கிட் ஆட்’ கொடுத்து அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைத்திருப்பவற்றையும் அது தொடுவதில்லை. அழிக்கும்போது ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேராக டிஸ்க்கிலிருந்தே நீக்கிவிடும். தன்னிடம் நகல் எதுவும் எடுத்து வைத்துக்கொள்வதும் இல்லை. ஒருபோதும் ‘கிட் ஆட்’ செய்யாத, ‘கிட் ஸ்டாஷ்’ மூலம் ஒதுக்கியும் வைக்காத கோப்பு என்றால், அதன் உள்ளடக்கத்தைக் கிட் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைக் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை.

கட்டளையோடு நீங்கள் சேர்த்த எழுத்துகளும் முக்கியம். ‘-எஃப்’ என்றால் கட்டாயம் அழி என்று பொருள். இது இல்லாமல் கிட் எதையும் அழிக்காது, மறுத்துவிடும். ‘-டி’ சேர்த்தால் அன்ட்ராக்ட் ஃபோல்டர்களும் போகும். ‘-எக்ஸ்’ சேர்த்தால் ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் உள்ளவையும் போகும். ரகசியச் சாவிகள் இருக்கும் ‘.என்வ்’ கோப்பு, உங்கள் கணினியில் மட்டும் இருந்த எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸ், எடிட்டர் செட்டிங்ஸ் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அதனால் ‘-எக்ஸ்’ போடாமல் ஓட்டியிருந்தால் சேதம் பாதிதான். போட்டிருந்தால், கீழே ‘.என்வ்’ பற்றித் தனியாகச் சொல்லியிருப்பதையும் படியுங்கள்.

இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அதற்கு முன், எல்லாவற்றையும் கடைசி கமிட் நிலைக்குத் திருப்பும் ‘கிட் ரீசெட் --ஹார்ட்’ கொடுத்தீர்களா? பலரும் இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள். ‘கிட் ஆட்’ செய்து வைத்திருந்த புதுக் கோப்புகளை அழிப்பது ரீசெட். மற்றவற்றை அழிப்பது கிளீன். ரீசெட்டால் போனவை கிட்டுக்குள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயர்ப்பட்டியலில் உங்கள் கோப்பு இல்லாமலேயே காணாமல் போயிருந்தால் ரீசெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அது எந்தக் கோப்பின் பெயரையும் சொல்லாமல் அழிக்கும்.

சரி, தேடத் தொடங்கலாம். சீக்கிரம் மறைந்துவிடக்கூடிய இடங்களை முதலில் பார்ப்போம், நிதானமாகப் பார்க்கக்கூடியவற்றைக் கடைசியில்.

திறந்திருக்கும் டேப்கள்

கோப்பு ஏதாவது ஒரு எடிட்டரில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விஎஸ் கோடில், டிஸ்க்கிலிருந்து அழிந்த கோப்பின் பெயர் டேபில் குறுக்குக் கோடு போட்டுத் தெரியும். டேப் தானாக மூடாது. உள்ளே உரை அப்படியே இருக்கும். முழுவதையும் தேர்ந்தெடுத்து, புதுக் கோப்பு ஒன்றில் ஒட்டி, ப்ராஜெக்டுக்கு வெளியே சேமியுங்கள். விம்மில் திறந்திருந்தால் ‘:டபிள்யூ’ என்று தட்டி வேறு இடத்தின் பாதையைக் கொடுத்தால் போதும். இந்தப் படியிலேயே வேலை முடிந்துவிடுகிறவர்கள் உண்டு. எடிட்டரை மூட வேண்டாம் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னது இதனால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்

ஃப்ரன்ட்எண்ட் வேலை செய்பவர்கள் பிரவுசரில் திறந்திருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வீட், வெப்பேக் போன்றவை டெவலப்மென்ட் நேரத்தில் சோர்ஸ் மேப்பையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். எஃப்12 அழுத்தி, ‘சோர்சஸ்’ பகுதிக்குப் போனால், நீங்கள் எழுதிய மூலக் கோப்பே கமென்ட்களோடு அங்கே தெரியலாம். ரீஃப்ரெஷ் செய்துவிட்டால், கோப்பு இல்லை என்று சர்வர் பிழை காட்டும், பழையது போய்விடும்.

டாக்கர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ கொடுத்து, நின்றுபோன கன்டெய்னர்களையும் சேர்த்துப் பட்டியலைப் பாருங்கள். டாக்கர்ஃபைலில் ‘காபி’ என்ற வரி மூலம் உங்கள் நிரல் கோடு இமேஜுக்குள் போயிருந்தால், கடைசியாக பில்ட் செய்த நேரத்துப் பிரதி உள்ளே பத்திரமாக இருக்கும். ‘டாக்கர் சிபி’ கட்டளையால் அதை வெளியே எடுக்கலாம். ஆனால் ப்ராஜெக்ட் ஃபோல்டரையே கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்திருந்தால் உள்ளேயும் வெளியேயும் இருப்பது ஒரே ஃபோல்டர். அங்கேயும் அழிந்திருக்கும்.

லினக்ஸில் இன்னொரு வழி உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், பெயர்தான் போகும். அந்த நிரல் மூடும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று தட்டுங்கள். இதில் கூட்டல் குறிக்கு அடுத்த எல் பெரிய எழுத்து, அதன் பின் எண் 1. அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். அதில் ப்ராசஸ் எண்ணையும், எஃப்டி என்ற நெடுவரிசையில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘/ப்ராக்/ப்ராசஸ் எண்/எஃப்டி/அந்த எண்’ என்ற பாதையிலிருந்து ‘சிபி’ கட்டளையால் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் கோப்பு கைக்கு வந்துவிடும். ‘ப்ராக்’ என்பதற்கு பி, ஆர், ஓ, சி என்ற நான்கு எழுத்துகள்.

கோடு கோப்புகளை எடிட்டர்கள் படித்த உடனே மூடிவிடும், அதனால் அவை இந்தப் பட்டியலில் வருவது அபூர்வம். எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸ், லாக், பெரிய டேட்டா கோப்பு போன்றவை வரும். டேட்டாபேஸோடு ‘-டபிள்யூஏஎல்’ என்று முடியும் துணைக் கோப்பும் பட்டியலில் இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுங்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதில்தான் இருக்கக்கூடும். விண்டோஸில் கதை வேறு: திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாமல் கிட் பெரும்பாலும் விட்டுவிட்டிருக்கும். ஃபோல்டரில் எது மிச்சம் இருக்கிறது என்று ஒருமுறை நேரில் பாருங்கள்.

எடிட்டர் உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பிரதிகள்

புதியவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும் இடம் என்று நான் நினைப்பது இதுதான், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்கும் தெரிவதில்லை.

விஎஸ் கோட் 2022 மார்ச் பதிப்பிலிருந்து, அதாவது 1.66இலிருந்து, நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதியைத் தன் சொந்த ஃபோல்டரில் எடுத்து வைக்கிறது. இதற்கும் கிட்டுக்கும் தொடர்பில்லை. அந்த ஃபோல்டர் உங்கள் ப்ராஜெக்டுக்கு வெளியே இருப்பதால் கிட் கிளீனால் அதைத் தொட முடியாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘லோக்கல் ஹிஸ்டரி: ஃபைண்ட் என்ட்ரி டு ரீஸ்டோர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகளின் பட்டியல் வரும். அழிந்ததன் பெயரைத் தட்டினால், எந்தெந்த நேரத்தில் சேமித்தீர்கள் என்று வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் திறந்து, அதை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளலாம்.

அப்படிக் கிடைக்கவில்லை என்றால் நேராக அந்த ஃபோல்டருக்கே போகலாம். லினக்ஸில் உங்கள் ஹோமுக்குள் ‘.கான்ஃபிக்/கோட்/யூசர்/ஹிஸ்டரி’. விண்டோஸில் ‘%ஆப்டேட்டா%’ என்று ரன் பெட்டியில் தட்டி, அதனுள் ‘கோட்’, ‘யூசர்’, ‘ஹிஸ்டரி’. மேக்கில் ஹோமுக்குள் ‘லைப்ரரி/அப்ளிகேஷன் சப்போர்ட்/கோட்/யூசர்/ஹிஸ்டரி’. லினக்ஸிலும் மேக்கிலும் கோட், யூசர், ஹிஸ்டரி மூன்றுக்கும் முதல் எழுத்து பெரியது. டபிள்யூஎஸ்எல் அல்லது ரிமோட் எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர்களுக்கு, மறுமுனைக் கணினியின் ஹோமில் ‘.விஎஸ்கோட்-சர்வர்/டேட்டா/யூசர்/ஹிஸ்டரி’ என்ற இடத்தில் இருக்கும்.

உள்ளே விநோதமான பெயர்களில் நிறைய ஃபோல்டர்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ‘என்ட்ரீஸ்.ஜேசன்’ என்று ஒரு கோப்பு உண்டு. அது எந்தக் கோப்பின் வரலாறு என்பது அதில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. உங்கள் கோப்பில் மட்டுமே வரக்கூடிய ஒரு ஃபங்ஷன் பெயரையோ சொல்லையோ ‘க்ரெப் -ஆர்எல்’ கொண்டு அந்த ஹிஸ்டரி ஃபோல்டர் முழுக்கத் தேடுங்கள். நேரப்படி வரிசைப்படுத்தி, கடைசியாக உள்ளதை எடுங்கள்.

இதற்கு எல்லைகளும் உண்டு. விஎஸ் கோடுக்குள் நீங்கள் சேமித்தவற்றுக்குத்தான் பிரதி இருக்கும். ஸ்க்ரிப்ட் உருவாக்கிய கோப்பு, டெர்மினலில் நகலெடுத்து வந்த கோப்பு, டெர்மினலில் ஓடும் ஏஐ உதவியாளர் எழுதிய கோப்பு ஆகியவை இதில் வராது. இயல்பான அமைப்பில் 256 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை அது விட்டுவிடும். ஒரு கோப்புக்கு 50 பிரதிகள்வரைதான் வைத்திருக்கும். ஏஐ உதவியாளர் எழுதிய கோப்பு என்றால் அந்த உரையாடலின் பதிவைத் தேடிப் பாருங்கள்; எழுதிய கோடு பெரும்பாலும் அதில் இருக்கும்.

பைசார்ம், இன்டெலிஜே, வெப்ஸ்டார்ம் போன்ற ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் இதைவிட நல்ல வசதி உண்டு. இடப்பக்கம் உள்ள ப்ராஜெக்ட் மரத்தில், கோப்பு இருந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘லோக்கல் ஹிஸ்டரி’, அதற்குள் ‘ஷோ ஹிஸ்டரி’ என்று போங்கள். அழிந்த கோப்பு மேல் ரைட் கிளிக் செய்ய முடியாது, அதனால்தான் ஃபோல்டரில் தொடங்க வேண்டும். எடிட்டருக்கு வெளியே டெர்மினலில் நடந்த அழிப்பும் அதில் பதிவாகியிருக்கும். அதற்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து, மீட்கலாம். இயல்பாக 5 வேலை நாள்கள்வரை வைத்திருக்கும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். ‘இன்வாலிடேட் கேச்சஸ்’ என்ற வசதியை இப்போது தொடாதீர்கள். அதில் உள்ள ஒரு தேர்வு இந்த வரலாற்றையே துடைத்துவிடும்.

பைதான் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ‘-எக்ஸ்’ போடாமல் கிளீன் ஓட்டியிருந்தால், ‘பைகேச்’ ஃபோல்டர் இக்னோர் பட்டியலில் இருக்கிற காரணத்தால் தப்பியிருக்கும். உங்கள் மாட்யூலை ஒருமுறையாவது இம்போர்ட் செய்திருந்தால் அதன் ‘.பிஒய்சி’ கோப்பு அங்கே கிடக்கும். பைசிடிசி போன்ற டீகம்பைலர் கருவியில் கொடுத்தால் கமென்ட் இல்லாத, ஆனால் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கோடு கிடைக்கலாம். புதிய பைதான் பதிப்புகளில் முழுதாக வராமல் போகலாம். துண்டு துண்டாகக் கிடைத்தாலும் மீண்டும் எழுத அது பெரிய உதவி.

கிட்டுக்குள் தேடுவது

ஒரே ஒருமுறையாவது அந்தக் கோப்பை ‘கிட் ஆட்’ செய்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கானது. கமிட் செய்திருக்கவே வேண்டியதில்லை. ‘கிட் ஆட்’ கொடுத்த அந்த நொடியே கோப்பின் உள்ளடக்கத்தைச் சுருக்கி ‘.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் கிட் வைத்துவிடுகிறது. இதற்கு ப்ளாப் என்று பெயர். பிறகு ரீசெட் செய்தாலும், ஆட் செய்ததை விலக்கினாலும், ப்ளாப் உடனே போவதில்லை. யாரும் உரிமை கோராத பொருளாக அங்கேயே இருக்கும். ‘கிட் ஜிசி’ ஓடும்போது இப்படிப்பட்டவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் பழையவற்றை அது நீக்கும். ‘கிட் ப்ரூன்’ அந்த இரண்டு வாரக் கெடுவைக்கூடப் பார்க்காது. இரண்டையும் தொட வேண்டாம் என்றது இதற்காக.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்: ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’. நடுவில் உள்ளது எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்துகள். ‘டாங்லிங் ப்ளாப்’, ‘டாங்லிங் கமிட்’ என்று வரிகள் வரும். கூடவே ‘.கிட்/லாஸ்ட்-ஃபவுண்ட்/அதர்’ என்ற ஃபோல்டரில் ப்ளாப்களின் உள்ளடக்கத்தை எடுத்து வைத்துவிடும். பெயர் இருக்காது, 40 எழுத்து கொண்ட ஹேஷ் என்ற அடையாளக் குறிதான் பெயராக இருக்கும். ப்ளாபில் உள்ளடக்கம் மட்டுமே சேமிக்கப்படுகிறது, கோப்பின் பெயர் அதில் இல்லை என்பதே காரணம். இங்கேயும் ‘க்ரெப் -ஆர்எல்’ கொண்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். ஒரே கோப்பைப் பலமுறை ஆட் செய்திருந்தால் பல பிரதிகள் வரும். எடுத்து வைத்த பிரதிகளின் தேதி எல்லாம் இன்றைய தேதியாகவே இருக்கும். எது புதியது என்று தெரிய, ‘.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்’ உள்ளே அதே ஹேஷின் கோப்பைப் பாருங்கள்: முதல் இரண்டு எழுத்து ஃபோல்டர் பெயர், மீதி 38 கோப்பின் பெயர்.

ஒரு ப்ளாபை மட்டும் எடுக்க ‘கிட் கேட்-ஃபைல் -பி’ என்று தட்டி, ஹேஷைக் கொடுத்து, ‘>’ குறி போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பலாம். விண்டோஸில் இதைச் செய்பவர்கள் பவர்ஷெல்லை விட்டுவிட்டு கிட் பாஷில் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் ‘>’ குறியில் எழுத்துக் குறியாக்கத்தையே மாற்றிவிடும். கோப்பில் தமிழ் உரை இருந்தால் அது சிதைந்துபோக வாய்ப்பு அதிகம்.

கமிட் செய்யாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷையும் மறக்க வேண்டாம். எப்போதோ ‘கிட் ஸ்டாஷ் -யூ’ கொடுத்திருந்தால் அந்த நேரத்து அன்ட்ராக்ட் கோப்புகளும் அதில் இருக்கும். ‘கிட் ஸ்டாஷ் லிஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். ஸ்டாஷை ட்ராப் செய்துவிட்டிருந்தாலும், முன்பு வந்த ‘டாங்லிங் கமிட்’ வரிகளில் அது இருக்கலாம். ‘கிட் ஷோ’ கொடுத்துப் பார்த்து, ‘டபிள்யூஐபி ஆன்’ என்று தொடங்கும் செய்தி தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய ஸ்டாஷ்தான். ‘கிட் ஸ்டாஷ் அப்ளை’ என்று தட்டி அந்த ஹேஷைக் கொடுத்தால் திரும்பி வரும்.

கமிட் செய்து, பிறகு ரீசெட்டில் தொலைத்தவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ‘கிட் ரீஃப்லாக்’ கொடுத்தால் நீங்கள் இருந்த நிலைகள் அத்தனையும் வரிசையாக வரும். வேண்டிய வரியின் ஹேஷை எடுத்து, ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்பதோடு அந்த ஹேஷையும் தட்டினால் ஒரு புது பிராஞ்சில் எல்லாம் திரும்ப நிற்கும். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்களை ரீஃப்லாக் இயல்பாக 30 நாள்கள் நினைவில் வைத்திருக்கும். வேறு ஏதாவது பிராஞ்சில் அந்தக் கோப்பு கமிட் ஆகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ‘கிட் லாக் --ஆல் --’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கோப்பின் பாதையைக் கொடுத்துத் தேடுங்கள்.

பேக்கப், சிங்க், ஸ்னாப்ஷாட்

விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் நமக்குத் தெரியாமலேயே ஒன்டிரைவோடு இணைந்திருப்பது சகஜம். ப்ராஜெக்ட் அங்கே இருந்திருந்தால், ஒன்டிரைவின் இணையதளத்துக்குப் போய் அங்குள்ள ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள்கள் இருக்கும். கூகுள் டிரைவின் ட்ராஷிலும் 30 நாள்கள் இருக்கும்.

மேக்கில் டைம் மெஷின் இயக்கியிருந்தால், வெளி டிஸ்க் இணைக்காத நேரத்திலும் கணினியிலேயே மணிக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து, சுமார் 24 மணி நேரம் வைத்திருக்கும். ஃபைண்டரில் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து, டைம் மெஷினுக்குள் நுழைந்து பின்னோக்கிப் போங்கள். விண்டோஸில் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரியோ ரீஸ்டோர் பாயின்ட்டோ இயங்கியிருந்தால் அங்கே ஏதாவது இருக்கும்.

கடைசி வழி: டிஸ்க்கையே தோண்டுவது

இதில் நம்பிக்கை வைப்பதற்கு முன் உங்கள் டிஸ்க் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. எஸ்எஸ்டி என்றால் குறைவு. இனி இந்த இடம் தேவையில்லை என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் என்ற செயல்தான் காரணம். அதன் பிறகு எஸ்எஸ்டி அந்த இடத்தைத் துடைத்துவிடும்; எந்த மென்பொருளாலும் அதைப் படிக்க முடியாது. விண்டோஸ், மேக் இரண்டும் கோப்பு அழிந்த உடனேயே இதைச் செய்துவிடும்.

உபுண்டு பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் இயல்பான அமைப்பில் ட்ரிம் வாரத்துக்கு ஒருமுறைதான் ஓடும். உடனே ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எஃப்எஸ்ட்ரிம்.டைமர்’ கொடுத்து அதை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்த பிறகு ‘ஸ்டாப்’ என்ற இடத்தில் ‘ஸ்டார்ட்’ போட்டு மறுபடி இயக்கலாம்.

லினக்ஸில், உரைக் கோப்புகளைத் தேட நான் பரிந்துரைப்பது பெரிய மென்பொருள்களைவிட க்ரெப்பைத்தான். உங்கள் கோப்பில் மட்டுமே இருந்த ஒரு நீளமான வரித்துண்டை நினைவுபடுத்துங்கள். ‘சூடோ க்ரெப் -ஏ -சி 200’ என்று தட்டி, மேற்கோள் குறிக்குள் அந்தத் துண்டையும், அதன் பின் பார்ட்டிஷனின் பெயரையும் கொடுத்து, விடையை வெளி டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். இதில் சி பெரிய எழுத்து. அந்தத் துண்டு கிடைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் 200 வரிகள் வரும். குப்பை எழுத்துகளோடு கலந்து வரும், பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் செய்திருந்தால், ‘/டெவ்/மேப்பர்’ கீழே உள்ள பெயரைக் கொடுக்க வேண்டும்.

படங்கள், பிடிஎஃப், ஜிப் போன்றவற்றுக்கு ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி நல்லது. கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் வராது. விண்டோஸ் 10இன் 2004 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘விண்டோஸ் ஃபைல் ரெகவரி’ என்ற இலவசக் கருவி கிடைக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும், மீட்ட கோப்புகளைப் போடும் இடம் அதே டிஸ்க்காக இருக்கக் கூடாது. பணம் கேட்கும் மென்பொருள் என்றால், முதலில் இலவச ஸ்கேனில் உங்கள் கோப்பின் உள்ளடக்கம் முன்னோட்டத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் காசு கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டியில் பெயர் மீந்து உள்ளே வெறும் பூஜ்ஜியங்களாக இருப்பது வழக்கம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் யோசித்து வையுங்கள். அரை நாளில் எழுதிய கோடு என்றால், டிஸ்க்கைத் தோண்டுவதைவிட, நினைவு பசுமையாக இருக்கும்போதே திரும்ப எழுதிவிடுவது நல்லது. யோசித்துத் தீர்த்த சிக்கல்கள் ஏற்கெனவே தீர்ந்தவைதான். இரண்டாம் முறை எழுத முதல் முறை ஆன நேரம் ஆகாது. ஆராய்ச்சித் தரவு, குடும்பப் படங்கள் போன்று திரும்ப உருவாக்க முடியாதவை போயிருந்தால் மட்டும் கணினியை அணைத்து, தெரிந்த நிபுணரிடம் டிஸ்க்கைக் கொடுங்கள்.

‘.என்வ்’ கோப்பு போய்விட்டதா?

இதை டிஸ்க்கில் தேடி நேரம் செலவழிக்கத் தேவை இருக்காது. கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தால் ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ விடையில் என்வ் என்ற பகுதியில் மதிப்புகள் அப்படியே தெரியும். ஹோஸ்டிங் பேனலில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பக்கத்தைப் பாருங்கள். கோப்பில் எந்தெந்தப் பெயர்கள் இருந்தன என்று மறந்திருந்தால் ‘.என்வ்.எக்ஸாம்பிள்’ கோப்பிலோ, கோடுக்குள் அவற்றைப் படிக்கும் வரிகளிலோ தெரியும். சில சேவைகள் ரகசியச் சாவியை உருவாக்கும்போது ஒருமுறை மட்டுமே காட்டும். அவற்றுக்குப் புதுச் சாவி உருவாக்கி, பழையதை ரத்து செய்யுங்கள். சக ஊழியரிடம் கேட்டு வாங்குவதானால் வாட்ஸப் குரூப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், பாஸ்வேர்டு மேனேஜர் வழியாக வாங்குங்கள்.

நோட் மாட்யூல்ஸ், விர்ச்சுவல் என்விரான்மென்ட், பில்ட் ஃபோல்டர் ஆகியவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். மற்றவை எல்லாம் கிடைத்த பிறகு மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும்.

மீட்ட பிறகு

கிடைத்த கோப்பை உரிய இடத்தில் வைத்து, திறந்து பார்த்து, உடனே கமிட் செய்யுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. தனி பிராஞ்சில் போட்டு, பின்னால் சரிசெய்யலாம்.

அடுத்த முறை சுத்தம் செய்யும்போது ‘-எஃப்’ இருக்கும் இடத்தில் முதலில் ‘-என்’ போட்டு ஓட்டுங்கள். எதையும் அழிக்காமல், எவை அழியும் என்று மட்டும் காட்டும். மற்ற எழுத்துகளை மாற்றாமல் ஓட்ட வேண்டும். ‘-டிஎக்ஸ்’ உடன் அழிக்கப்போகிறீர்கள் என்றால் ‘-டிஎக்ஸ்என்’ என்றே சோதியுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் வேறாக வரும். பட்டியலை நிதானமாகப் படித்த பிறகு, ‘-ஐ’ போட்டால் ஒரு மெனு வரும்; அதில் ‘ஆஸ்க் ஈச்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்கும்.

பில்ட் குப்பையை மட்டும் நீக்க வேண்டும் என்றால், பெரிய எழுத்து எக்ஸ் கொண்ட ‘கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்’ பொருத்தமானது. அது இக்னோர் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே அழிக்கும். நீங்கள் புதிதாக எழுதிய கோப்புகளை விட்டுவிடும். ஆனால் ‘.என்வ்’ அந்தப் பட்டியலில் இருப்பதால் அதுவும் போகும் என்பதை மறக்காதீர்கள். போகக் கூடாது என்றால் கடைசியில் ‘-இ !.என்வ்’ என்று சேர்த்து, ‘-என்’ போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆச்சரியக்குறி வருவதால் அந்தப் பகுதியை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். சிறிய எக்ஸ் போடும்போது ஆச்சரியக்குறி வேண்டாம், ‘-இ .என்வ்’ போதும்.

ஃபோல்டர் முழுதும் சுத்தமாக வேண்டும், ஆனால் எதையும் இழக்க மனமில்லை என்றால் கிளீனுக்குப் பதில் ‘கிட் ஸ்டாஷ் -யூ’ கொடுங்கள். இக்னோர் பட்டியலில் உள்ளவை தவிர ஃபோல்டர் சுத்தமாகும், அன்ட்ராக்ட் கோப்புகள் ஸ்டாஷுக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரம் கழித்தும் யாரும் அதைத் தேடவில்லை என்றால் ட்ராப் செய்துகொள்ளலாம்.